முகப்புப் பக்கத்து நைனா

1. திறந்தவுடன் படம்

செஞ்சியில் தண்ணீர் மோட்டார் விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு கம்பெனியின் வெப்சைட்டைத் திருத்தப் போயிருந்தேன். உட்காரக்கூடச் சொல்லாமல் முதலாளி தனசேகர் ஆரம்பித்தார். அனந்தபுரத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு நெல் கதிர்விடும் நேரத்தில் மோட்டார் எரிந்துவிட்டது. வெப்சைட்டில் சர்வீஸ் நம்பர் தேடிக் கிடைக்காமல் திண்டிவனத்துக் கடைக்குப் போய்விட்டாராம்.

"எங்க நைனா காலத்துலருந்து நம்மகிட்ட வாங்கறவரும்மா. இன்னும் நாலு பேரு இப்டி போனா சர்வீஸையே மூடிட்டு ரெண்டு மெக்கானிக்கையும் ஊட்டுக்கு அனுப்பணும். இன்னாதான் கோளாறு?"

கோளாறு திறந்தவுடனே தெரிந்தது. மொபைல் திரை முழுக்க அவருடைய காலஞ்சென்ற நைனாவின், அதாவது அப்பாவின் படம், மாலையோடு. அதன்கீழே நகரும் கோட்டைப் படங்கள், அப்புறம் கம்பெனி வரலாறு. சர்வீஸ் நம்பர் மெனுவுக்குள் மெனுவாக எங்கேயோ கிடந்தது. அதைத் தேடுவதற்குள் ராஜகிரிக் கோட்டை மலையே ஏறிவிடலாம்.

"படத்தை எடுத்துடலாம் சார்."

"கடைக்குள்ள நுழைஞ்சா நைனா படம் இருக்குது. இங்க மட்டும் இன்னாத்துக்கு எடுக்கணும்? வேற எதனா சொல்லு."

கற்பூரம் காட்டவா வெப்சைட் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. இந்தத் தொழிலில் வாயை அடக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

2. டெஸ்டிங்

சண்டை போடுவதைவிட டெஸ்டிங் நல்லது. நிஜ வாடிக்கையாளர் கையில் போனைக் கொடுத்து ஒரு வேலை சொல்ல வேண்டும். பிறகு நாம் பேசக் கூடாது. ஸ்பேர் வாங்க வந்திருந்த மண்டகப்பட்டு மணியம்மாளிடம், "மோட்டார் ரிப்பேர். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்று கொடுத்தேன்.

அவர் தேடவே இல்லை. நேராக நைனா படத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினார்.

"இன்னாம்மா, போனே போவல?"

"அது வெறும் படம்மா. பெரியவர் தவறிட்டாரே."

"தெரியாதா எனக்கு? சாவுக்கு வந்தவதான நான். ரிப்பேருன்னா இவருகிட்டதான சொல்லுவோம்? வாட்ஸப்புல மூஞ்சத் தொட்டாதான போன் போவுது."

அடுத்து வந்த இருவரும் அதையேதான் செய்தார்கள். தனசேகர் கல்லாவில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், படம் இருக்கட்டும்" என்றேன். "சின்னதாக்கி மேல வைக்கிறேன். தொட்டா உங்க போன் அடிக்கும். கீழ 'மோட்டார் ரிப்பேர்', 'புது மோட்டார்'னு ரெண்டே பட்டன். கோட்டையும் வரலாறும் கடைசிக்குப் போகட்டும்."

தனசேகர் சொன்னார். "மால போடாத போட்டோ ஒண்ணு ஊட்டுல இருக்குது. அத வெச்சிடு. போன் பேசற ஆளுக்கு மால எதுக்கு?"

3. முதல் போன்

ஒன்றை எடுக்கச் சொல்லும் முன், ஜனங்கள் அதை எதற்காகத் தொடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் கற்றது இவ்வளவுதான்.

புது வெப்சைட் லைவ் ஆன அன்று நான் கடையில் இருந்தேன். முதல் போன் சீயமங்கலத்திலிருந்து வந்தது. தனசேகர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பெரியவருகிட்ட குடுப்பா. மோட்டாரு நின்னுபோச்சி, பயிரு காயுது."

தனசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"அவரு இல்லீங்க. நான் அவரு புள்ள பேசறேன். மெக்கானிக்கக் கூட்டிக்கினு நானே வரேன், உங்க நெலத்துக்கு வழி சொல்லுங்க."