கோவிந்தன் வரைந்த ஆறாவது அடுக்கு

அன்று காலை வேலூர் லாங் பஜாரில் நின்று கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு அந்தத் தெரு ஒரு கல்யாண விருந்து. கைவண்டிக்காரர் ஒருவர், "பெரியவரே, வழி விடுங்க. பலகை எங்கயும் ஓடிப்போவாது" என்றார். சிரித்துக்கொண்டே ஒதுங்கினேன். அப்போது போன் அடித்தது. கோவிந்தனின் மனைவி சரோஜா. "அண்ணே, அவரு குழியில எறங்கிட்டாரு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மாதனூர் மாலை வகுப்பில் எங்களோடு உட்கார்ந்து படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன். கோபத்தில் எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவிந்தனும் நானும் ஒரே தோல் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தோம். நான் தோல் பதனிடும் டிரம்மில். அவன் கழிவுநீர்க் குழியில். நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன், அவனைக் கம்பெனி விடவில்லை. குழிக்கு எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மூடியைத் திறந்து மூக்கை நீட்டுவோம். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும், காத்திருப்போம். நாற்றம் அடங்கியதும், "ஆறிப்போச்சு, எறங்கு" என்போம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அதில் செத்தவர்களை நெஞ்சுவலி என்று சொல்லிப் புதைத்தோம்.

டீச்சர் காற்று மண்டலப் பாடம் நடத்திய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கரும்பலகையில் ஐந்து கோடு போட்டார். கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு. மேகமும் மழையும் கீழடுக்கில் என்றார். வெயிலின் கெடுதலைத் தடுக்கும் ஓசோன் அதற்கு மேலே என்றார். கோவிந்தன் எழுந்து, "இன்னா டீச்சர், அஞ்சு மாடி கட்டிட்டு எங்கள மட்டும் கீழ்வீட்ல வெச்சுட்டீங்க" என்றான். வகுப்பே சிரித்தது. "கீழ்வீட்லதான்யா மூச்சு விட முடியும்" என்றார் டீச்சர்.

பிறகு நூறு பங்குக் காற்றில் எழுபத்தெட்டு நைட்ரஜன், இருபத்தொன்று ஆக்சிஜன், மிச்சத்தில் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் மற்றவையும் என்று எழுதிப் போட்டார். அவன் உட்காரவில்லை. "எங்க குழியில இருக்கறது இதுல எங்க வருது டீச்சர்?" என்று கேட்டான். டீச்சருக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இரண்டு நாள் கழித்துக் கேட்டு வந்து சொன்னார். அது ஹைட்ரஜன் சல்பைடு, காற்றைவிடக் கனம், குழியின் அடியிலேயே படுத்திருக்கும், மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போகாது. கொஞ்சமாக இருந்தால் நாறும். ஜாஸ்தியானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது.

கோவிந்தன் தன் நோட்டில் ஐந்து அடுக்குக்கும் கீழே, தரைக்கும் கீழே, இன்னொரு கோடு போட்டான். அதில் 'குழி அடுக்கு' என்று எழுதினான். "தோஸ்த், முதல்ல மூக்கு சாவுது, அப்புறம்தான் மனுசன் சாவுறான்" என்று என்னிடம் சொன்னான்.

மறுநாளே குழி மூடியில் சுண்ணாம்பால் எழுதினான்: 'நாற்றம் நின்றாலும் இறங்காதே.' அவன் வாழ்க்கையில் நோட்டுக்கு வெளியே எழுதிய முதல் வரி அது. மேலாளர் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். காற்று ஊதும் மெஷின் வேண்டும் என்று கோவிந்தன் கேட்டான். "இன்னா கோவிந்தா, ஏலகிரி மலைக் காத்து கேக்குதா உனக்கு?" என்றார் அந்த மனிதர். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்களாம். சிரித்தவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். படியுங்கள்.

எனக்குப் போன் வந்த அன்று காலை கோவிந்தன் டீ குடிக்கப் போயிருந்தான். அந்த நேரத்தில் அவனோடு வேலை பார்க்கும் பழனியைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். நாற்றம் அடங்கிவிட்டதாம். இவன் திரும்பி வந்தபோது பழனி அடியில் விழுந்து கிடந்தான். கயிறு கொண்டுவரச் சொல்லிக் கத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இவன் இறங்கினான். பழனியின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மேலே இருந்தவர்கள் பழனியை இழுத்தார்கள். கயிறு இரண்டாம் முறை இறங்கியபோது அதைப் பிடிக்க இவனுக்குக் கை எழவில்லை; பிணமாகத்தான் மேலே வந்தான். பழனி இன்று கஞ்சி குடிக்கிறான். நல்லது, குடிக்கட்டும். ஆனால் ஏண்டா இறங்கினே கோவிந்தா? எங்கள் எல்லோரையும்விட உனக்குத்தானே தெரியும்? உன்மேலும் எனக்குக் கோபம்தான்.

மூன்றாம் நாள் கம்பெனி ஆள் ஒருவர் ஒரு காகிதத்தோடும் மைப் பெட்டியோடும் வீட்டுக்கு வந்தார். "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு கைநாட்டு" என்றார். சரோஜா கட்டை விரலை நீட்டிவிட்டாள். நான் காகிதத்தை இழுத்துக்கொண்டேன். "பெரியவரே, உங்களுக்கு இன்னா தெரியும், குடுங்க" என்றார். எழுத்துக் கூட்டி, வீட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். 'எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி, ஆபத்தை அறியாமல், யாரிடமும் சொல்லாமல் தானாகவே இறங்கினார்.' ஒரு வரி படிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் அந்த ஆள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரோஜா விரலை மடக்கிக்கொண்டாள். "மாத்தி எழுதிட்டு வர்றோம்" என்று போனவர் இன்னும் வரவில்லை. வரட்டும். நான் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அவனுடைய நோட்டைச் சரோஜா என்னிடம் கொடுத்துவிட்டாள். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். ஆறு அடுக்கு போட்ட அந்தப் பக்கத்தில், குழி அடுக்குக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. நேற்று அதில், ஒரு எழுத்தும் கோணாமல், நான் எழுதினேன்: 'கோவிந்தனுக்குத் தெரியும்.'