எந்தப் புகைக்கு எந்த டப்பா

முகமூடி கொடுப்பவனை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவன் சரியாகக் கொடுத்தால் ஒன்றுமே நடக்காது, அதனால்தான். கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

சுப்பையாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது தாராவியில், அவர் வீட்டில். எழுபது தாண்டியிருந்தார். முறுக்கை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே சொன்னார்: “இன்னும் மூச்சு ஓடுது அண்ணாச்சி. உங்களுக்கு ஏமாத்தந்தான்.”

அறுபதுகளில் நாங்கள் இருவரும் பம்பாய்ச் செம்பூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருந்தோம். அவர் ஃபிட்டர், நான் ஸ்டோர். என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. முகமூடியோடு வந்த ஆங்கிலக் காகிதத்தை அகராதி வைத்து எழுத்துக் கூட்டித் தெரிந்துகொண்டேன். முகத்துக்கு ரப்பர், அதன் அடியில் மருந்து நிரப்பிய டப்பா. எங்களிடம் வந்ததில் அமோனியாவுக்குப் பச்சை, பெயிண்டைக் கரைக்கிற தின்னருக்குக் கறுப்பு, ஆசிட் புகைக்கு வெள்ளை. தொட்டிக்குள் இறங்குவதென்றால் எந்த டப்பாவும் உதவாது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரவேண்டும். டப்பா மாறினால் மூஞ்சியில் இருப்பது வெறும் ரப்பர்.

டப்பா பதலோ

டப்பாவின் மருந்து தீர்ந்துபோகும், மாற்ற வேண்டும். மராட்டி ஃபோர்மன் அமோனியா ரூம் வாசலில் நின்று, “டப்பா பதலோ!” என்று கத்துவார். சுப்பையா அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தார். பதலோ என்றால் மாற்று என்கிற அளவுக்கு ஹிந்தி வந்திருந்தது. பம்பாயில் சோற்றுப் பாத்திரத்துக்கும் டப்பா என்றுதான் பெயர்.

மதியம் ரூமிலிருந்து கண்ணீரும் மூக்குமாக ஓடிவந்தார். முகமூடியைப் பார்த்தேன். அதே பழைய டப்பா. மாற்றச் சொன்னார்களே, மாற்றவில்லையா என்று கேட்டேன்.

“மாத்தியாச்சே அண்ணாச்சி. பக்கத்துல உள்ளவன் சப்பாத்திய நான் தின்னேன், என் கருவாட்டுக் குழம்ப அவன் தின்னான். எனக்கு முன்னால அவன்தான் அழுதான்.”

கறுப்பு ஆகாது

தின்னர் ரூம் வேலைக்குக் கறுப்பு டப்பாவை நீட்டினேன். சுப்பையா கையை மடக்கிக்கொண்டார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறுப்பையா மூஞ்சில கட்டச் சொல்லுதிய? பச்சை குடுங்க, மங்களமா இருக்கும்.”

பச்சை அமோனியாவுக்குத்தான், தின்னரைத் தடுக்காது என்று சொல்லிக் கறுப்பையே கொடுத்தேன். நான் பேரேட்டில் குனிந்த நேரத்தில் அலமாரியிலிருந்து மாற்றிக்கொண்டு போயிருக்கிறார். அரை மணி நேரத்தில் தின்னர் ரூமிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. சுப்பையாவுக்குப் பாட வராது; தின்னர் ஆவி கள்ளைப் போலத் தலைக்கு ஏறியிருந்தது. நானும் ஃபோர்மனும் முகமூடி மாட்டிக்கொண்டு போய் இழுத்து வந்து காற்றில் உட்காரவைத்தோம்.

அன்று வீட்டில் சொன்னேன். என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். “இதுக்குப் போய்ச் சண்டையா? ஒரு பொட்டு வச்சுக் குடுங்க” என்றாள். மறுநாள் கறுப்பு டப்பாக்களுக்கெல்லாம், காற்றுத் துளை அடைபடாமல் பக்கவாட்டில், சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சுப்பையா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினார். ஃபோர்மன் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அரே அண்ணா, ஏ கம்பெனி ஹை யா மந்திர் ஹை?” இது கம்பெனியா, கோயிலா என்று கேட்டார்.

தாடி

சுப்பையாவின் குழந்தைக்கு விடாத காய்ச்சல். திருச்செந்தூரில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு மூன்று மாதமாகத் தாடி வளர்த்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஆசிட் லைனில் வால்வு கசிந்தது. ஷெட்டில் புகை. ஆட்களை வெளியேற்றியாயிற்று. வால்வை மாட்டியவர் சுப்பையா, மூடத் தெரிந்தவரும் அவர்தான்.

வெள்ளை டப்பாதான் கொடுத்தேன். டப்பாவின் துளையை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்தால் ரப்பர் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் பரீட்சை. அவருக்குத் தாடி வழியே காற்று விசிலடித்தது. காற்று போகிற வழியில் புகையும் போகும். போகக்கூடாது என்று குறுக்கே நின்றேன்.

“தாடிய எடுத்தா புள்ளைக்கு ஆகாது, எடுக்காமப் போனா எனக்கு ஆகாது. நான் எதைச் செய்ய, சொல்லுங்க அண்ணாச்சி” என்றார். நான் வாசலை விட்டு நகரவில்லை.

மதியச் சோறு கொண்டுவந்த அவர் மனைவி பேச்சியம்மாள் கம்பெனி கேட்டில் நின்று எல்லாவற்றையும் காதில் வாங்கிவிட்டாள். “புள்ளைக்கு அப்பன் வேணுமா, தாடி வேணுமா? முருகங்கிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க உக்காருங்க” என்று புருஷனைத் தோளைப் பிடித்து அமுக்கினாள். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நாவிதர் ஓடிவந்தார். விழுந்த முடியை அவள் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். மீசையும் சேர்ந்தே போயிற்று.

மறுபடி துளையை அடைத்து இழுத்தார். ரப்பர் கன்னத்தைக் கவ்வியது. உள்ளே போனார். நான் மூச்சை எண்ணிக்கொண்டு வாசலில் நின்றேன். பேச்சியம்மாள் கேட்டுக் கம்பியை விடவில்லை. சுப்பையா வால்வை மூடிவிட்டுத் தன் காலால் நடந்து வந்து முகமூடியைக் கழற்றினார். அவள் அந்த மொழு மொழு முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கே இந்த மூஞ்சியக் காட்டியிருந்தா, நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.”

குழந்தைக்குக் காய்ச்சல் அடுத்த வாரம் விட்டுவிட்டது. ஊருக்குப் போகும்போது முருகனுக்குச் செலுத்தலாம் என்று பேச்சியம்மாள் காகிதத்தில் மடித்த அந்தத் தாடி மட்டும், ஒவ்வொரு வருஷமும் மறந்துபோய், தாராவி வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது.