எல்லாரும் கண்ணை மூடிக்கொண்ட நேரம்

அவரை எல்லாரும் ‘பிரேக் மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது வேலை. கற்றுக்கொள்கிறவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு “பிரேக்! பிரேக்!” என்று கத்துவார். வருஷக்கணக்கில் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் மாத்திரை எழுதித் தரவில்லை. “தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்க, போதும்” என்றார்.

மாடிக்குப் போய் அண்ணாந்து நின்றார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன மேடம், தண்ணி டேங்க் நிரம்பி வழியுதா?” என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். சும்மா நிற்பது கூச்சமாக இருந்ததால், மேலே இருப்பது என்ன என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். கழுத்து சரியாகிவிட்டது, பார்ப்பது நிற்கவில்லை. ஆறு மாதத்தில் வீட்டுக்கு ஒரு பழைய டெலஸ்கோப் வந்து சேர்ந்தது.

“கழுத்து வலிக்குத் தைலம் வாங்கினவங்களைப் பார்த்திருக்கேன்,” என்றார் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவர். “குழாய் வாங்கினவளை இப்பத்தான் பார்க்கிறேன்.”

வானம் பார்க்க மலைக்குப் போகலாம் என்று வழிகாட்டியவர் மேடத்திடமே கார் பழகிய மருந்துக்கடைக்காரர். லைசென்ஸ் டெஸ்டில் நாலு முறை கோட்டை விட்டவர். கியரைத் தொடுவதற்கு முன்னால் “தொடலாமா மேடம்?” என்று கேட்கிற ரகம். ஆனால் ஒவ்வொரு அமாவாசை வாரமும் மலை உச்சிக்குப் போய் நட்சத்திரம் பார்க்கிற குழுவுக்கு அவர்தான் செயலாளர். அங்கே அவர் வேறு ஆள். மேடம் முதல் தடவை போனபோது நேரம் பார்க்க செல்போனை எடுத்தார். இருட்டிலிருந்து ஒரு குரல் சீறியது: “லைட்! யாரது? அணைங்க!” நாலு வருஷமாகத் தன்னிடம் திட்டு வாங்குகிற மனிதருக்கு இப்படி ஒரு தொண்டை இருக்கும் என்று மேடத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

“கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும் மேடம்,” என்று பிறகு அவரே விளக்கினார். “ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டாப் போதும், மொத்தமும் போச்சு. மறுபடியும் முதல்லேருந்து பழகணும். சிவப்பு டார்ச் மட்டும்தான் இங்க.”

இந்த அமாவாசைக்கு மலைக்குக் கணவரும் வந்தார். கடைத் தெருவில் மின்கம்பம் மாற்றுகிறார்கள், ரெண்டு நாள் கரண்ட் இல்லை, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று வந்துவிட்டார். வந்தது டிரைவிங் ஸ்கூலின் பழைய காரில். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். அதை அணைக்கிற சுவிட்ச் எப்போதோ உடைந்துபோயிருந்தது. மருந்துக்கடைக்காரர் கட்டுப்போடும் பட்டையை நாலு சுற்று ஒட்டிப் பார்த்தார். விளக்கு அப்போதும் மாம்பழம் மாதிரி மஞ்சளாக மின்னியது. “விடியற வரைக்கும் இந்தக் காரோட கதவை யாரும் திறக்கக்கூடாது,” என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். குளிருக்குப் பயந்து ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருந்த கணவர், “நான் எதுக்குத் திறக்கப் போறேன்?” என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிப்போனார்.

மேடத்துக்கு அன்று ஒரே லட்சியம்: ஆண்ட்ரோமீடா. நம் பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய நட்சத்திரக் கூட்டம். மற்றவர்கள் தேடிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். தானாக ஒரு தடவை கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து கொஞ்சம் மேலே என்று குழாயை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி ஒரு வெளுப்பு தெரிந்தது. அழுக்கோ என்று லென்ஸைத் துடைத்தார். வெளுப்பு போகவில்லை.

“ஏம்மா!”

மேடம் அசையவில்லை.

“ஏம்மா, இங்க வாயேன். மாட்டிக்கிட்டேன்!”

நடந்தது இதுதான். கணவருக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. கதவைத் திறக்கக்கூடாது. அதனால் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாகப் பின்பக்கமாக வெளியே வந்திருக்கிறார். பாதி வந்ததும் உள் ஸ்வெட்டர் கதவின் பூட்டுக் குமிழில் சிக்கிக்கொண்டது. இடுப்புக்குக் கீழே காருக்குள், மேலே வெளியில், முகம் வானத்தைப் பார்க்க மல்லாந்து தொங்கிக்கொண்டிருந்தார்.

மேடம் இழுத்தார். மருந்துக்கடைக்காரர் சிவப்பு டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு தோளைப் பிடித்துத் தூக்கினார். ஸ்வெட்டர் நீண்டதே தவிர ஆள் வரவில்லை.

“உள்ள கை விட்டாத்தான் எடுக்க முடியும். அந்தப் பக்கக் கதவைத் திறக்கணும் சார்,” என்றார் மேடம்.

செயலாளர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். “திறந்தா லைட் எரியுமே!”

“எரியாம எப்படி சார்? இவர் விடியற வரைக்கும் தொங்கட்டுமா?”

“நான் தொங்க முடியாது,” என்றார் கணவர். “எனக்கு அவசரம்.”

செயலாளர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். பிறகு குரலை உயர்த்தினார். “எல்லாரும் கேளுங்க! ஒரு கதவைத் திறக்கப் போறோம். நான் சொல்ற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கங்க! கையை வச்சுப் பொத்திக்கங்க!”

மலை உச்சியில் அத்தனை பேரும் அவரவர் டெலஸ்கோப் பக்கத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வருஷத்தில் அப்படித் தெளிந்த வானம் ரெண்டு ராத்திரிதான் கிடைக்கும். மேடமும் கண்ணை மூடிக்கொண்டே சுற்றி வந்து, கதவைத் திறந்து, தடவித் தடவிக் குமிழைத் தேடினார்.

“ஐயோ! ஐயோ! அங்க பாருங்க!” என்று கத்தினார் கணவர்.

“யாரும் கண்ணைத் திறக்காதீங்க!” என்றார் செயலாளர்.

“பச்சையா போகுது! ஏம்மா, பாரு! உடையுது!”

மேடம் கண்ணைத் திறந்தபோது தெரிந்தது காரின் மஞ்சள் விளக்குதான். ஸ்வெட்டர் விடுபட, கணவர் தொப்பென்று வெளிப்பக்கம் விழுந்தார். எழுந்தவர் வந்த அவசரத்தையே மறந்துவிட்டார். “கிழக்கேருந்து மேற்கே, இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். பச்சைப் பந்து. பின்னாடி புகை. கடைசியில ரெண்டா உடைஞ்சு…”

முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் ஒருவர் வானத்தைக் காட்டினார். மெல்லிய சாம்பல் கோடு ஒன்று காற்றில் வளைந்து கலைந்துகொண்டிருந்தது. பெரிய எரிகல் விழுந்தால்தான் அப்படி ஒரு புகைத் தடம் நிற்கும். அந்த மலையில் பல வருஷமாக விழித்திருப்பவர்கள் யாருக்கும் கிடைக்காத காட்சி.

அதற்குப் பிறகு கணவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்? எவ்வளவு நேரம்? சத்தம் கேட்டதா? அவருக்கு ஒரு நட்சத்திரத்தின் பெயரும் தெரியாது. “அந்தா, அதுக்குக் கொஞ்சம் தள்ளி” என்று கையைக் காட்டி, தேவைப்பட்டபோது தரையில் மல்லாந்து படுத்தும் காட்டினார். நாலாவது ஆளிடம் சொல்லும்போது பச்சைப் பந்து நிலா அளவுக்கு வளர்ந்திருந்தது. செயலாளர் டீயைத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தார்.

மேடம் தன் டெலஸ்கோப்புக்குப் போனார். ஆண்ட்ரோமீடா நகர்ந்துபோயிருந்தது. மஞ்சள் வெளிச்சம் பட்ட கண் பழகும்வரை காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து தேடினார். வயிற்றெரிச்சலாக இருந்தது. ரெண்டு வருஷமாக அண்ணாந்து பார்ப்பது யார், ஜன்னலில் மாட்டிக்கொண்ட ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது யார்! ஆனால் வெளுப்பு திரும்பக் கிடைத்தபோது அந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். யாரையும் கூப்பிடவில்லை.

விடிந்ததும் கிளம்பினார்கள். மருந்துக்கடைக்காரர் பின் சீட்டில் ஏறியவுடன் தூங்கிவிட்டார். மலை வளைவுகளில் மேடம் மெதுவாக ஓட்டினார். கணவர் ஓரக்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“என்னங்க,” என்றார் மேடம்.

“ம்?”

“அது உடைஞ்சப்ப எப்படி இருந்துச்சு? எனக்கு முதல்லேருந்து சொல்லுங்க.”

கணவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை பச்சைப் பந்து கொஞ்சம் மெதுவாகவே போனது.