சிறுகுறிஞ்சான் மென்ற நாக்கு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். இனிப்பை அறிய நம் நாக்கில் இருப்பது இதுதானாம். இரண்டு பகுதிகள் ஒட்டிக்கிடக்க, ஒன்று வாய் மாதிரி மூடிச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளுமாம்.

"சிறுகுறிஞ்சான் சாறு இதுல போய் ஒட்டிக்கிட்டா இனிப்பே தெரியாதாம்மா. கொஞ்ச நேரத்துல சரியாயிருமாம்" என்றாள்.

அந்த இலையின் கசப்பு என் வாய்க்குள் வந்துவிட்டது. வண்டிப்பெரியாரில் எங்கள் தேயிலை எஸ்டேட் பூட்டிக் கிடந்த மழைக்காலம் அது. சம்பளம் இல்லை. வரிசையாய் ஒட்டி நின்ற லயத்து வீடெல்லாம் ஈர விறகின் புகை. வயிற்றுப்பூச்சி போகும் என்று விடிந்ததும் அம்மா எனக்கும் தம்பிக்கும் சிறுகுறிஞ்சான் இலையை மெல்லக் கொடுப்பாள். அந்தியில் பால் இல்லாத கட்டன்சாயா தருவாள்.

"இனிப்பே இல்லம்மா" என்பான் தம்பி.

"கருப்பட்டி போட்டுத்தான்டா இருக்கேன். எல தின்னு ஒன் நாக்கு செத்துக் கெடக்கு, என்னையக் கொற சொல்றியாக்கும்!"

நாங்கள் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிப்போம். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அதில் கருப்பட்டி இருந்தது என்று நம்பியே தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டான். விடிந்ததும் மென்ற இலை அந்திவரை நாக்கில் நிற்குமா என்று, விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.