எல்லோருக்கும் ஒரே பிரமாதம்

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் இருக்கும் அந்தச் சேலைக்கடைக்கு வரும் பெண்கள் பலருக்கு முதலாளியின் பெயர் தெரியாது. புவனேசனைத் தெரியும். “அந்த நல்லா பேசற அண்ணன் இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள்.

இருபத்தாறு வருடமாக அவர் அங்கே விற்பனையாளர். பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கக் கூசியவர். “வர்றவங்ககிட்ட நாலு நல்ல வார்த்தை சொல்லு, போதும்” என்றார் பெரிய முதலாளி. புவனேசன் சொல்லத் தொடங்கினார். சேலையைத் தோளில் போட்டுப் பார்ப்பது யாராக இருந்தாலும், நிறம் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், “பிரமாதம்லா அக்கா! உங்களுக்குன்னே நெய்ஞ்சிருக்கான்.” மலாய்க்காரப் பெண்கள் வந்தால் அதையே மலாயில். டீ கொண்டுவருபவருக்கும் பிரமாதம், கடை கூட்டும் அம்மாவுக்கும் பிரமாதம். நாளாக ஆக அந்தச் சொல் அவரைக் கேட்காமலே வாயிலிருந்து விழுந்தது.

கடையின் பின்பக்கத்தில், ஒரு திரைக்கு அந்தப் பக்கம், இராசாத்தி ரவிக்கை தைத்தாள். கோலா கெத்திலிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவாள். பேச்சு குறைவு. பன்னிரண்டு வருடம் அந்த மிஷினின் சத்தத்தைக் கேட்டபடிதான் புவனேசன் சேலை விரித்தார்.

ஒருநாள் கல்யாணப் பெண் ஒருத்தி தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தாள். மோட்டார் விபத்தில் இடது தோள் சற்று இறங்கிப்போனவள். அளவு கொடுத்தபோது அவளும் அதைப் பற்றிச் சொல்லவில்லை, அவள் அம்மாவும் சொல்லவில்லை. இராசாத்தியும் கேட்கவில்லை. தைத்ததைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் கண்ணாடி முன்னால் நின்றபோது இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. உள்துணிக்கு அடியில் மெல்லிய துணியை நாலாக மடித்து வைத்துத் தைத்திருந்தாள் இராசாத்தி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. பெண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்.

புவனேசன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். என்னவோ சொல்ல நினைத்தார். “பிரமாதம்லா ராசாத்தி!” என்றுதான் வந்தது. சற்று முன்பு மங்கிப்போன ஒரு நைலக்ஸ் சேலைக்கும் அதையேதான் சொல்லியிருந்தார். இராசாத்தி தலையாட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

கோவிட் முடிந்த மறு வருடம் பெரிய முதலாளியின் மகன் தயாளன் ஜித்ராவில் கிளை திறக்க முடிவு செய்தான்.

“அண்ணே, அங்க தையலுக்கு மூணு மிஷின் போடறோம். பொறுப்பா பார்த்துக்க ஆள் வேணும். ராசாத்தி அக்கா எப்படி?”

“பிரமாதமா தைப்பாங்க தம்பி.”

தயாளன் சிரித்துவிட்டான். “நீங்க யாரத்தான்ணே நல்லா இல்லன்னு சொல்லியிருக்கீங்க? போன வருசம் நிறுத்தினோமே ஒரு டெய்லர், அவரையும் பிரமாதம்னுதான் சொன்னீங்க.”

அந்தத் தோளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் முன்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். “இதோ வந்துட்டேன்கா” என்று ஓடினார். திரும்பி வந்தபோது தயாளன் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாளும் கூட்டமாக இருந்தது.

ஜித்ராவுக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள். இராசாத்தி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டாள். கடைசி நாள் சாயங்காலம் புவனேசன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“உன்ன மாதிரி ஆள் கிடைக்காதும்மா. பிரமாதமான கை.”

அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே அவள் சிரித்தாள். “அது எல்லாருக்கும் சொல்றதுதானேண்ணே.”

கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லை விட்டார். பதிலாகத் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்: ஒரு நாளைக்கு ஒருவரிடமாவது, தான் கண்ணால் கண்ட ஒரு நல்லதை, கண்டபடி சொல்வது. கேட்க எளிதாக இருந்தது. முதல் வாரம் முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. மனிதர்களைப் பார்க்காமலேயே இத்தனை வருடம் பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

எட்டாம் நாள் மனைவி வாசுகியிடம் சொன்னார். “நீ போன்ல பேசறப்போ எதிர்ல இருக்கறவங்க முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசறதே இல்ல. இன்னைக்குத்தான் கவனிச்சேன்.”

வாசுகி பயந்துவிட்டாள். “என்னாச்சு உங்களுக்கு? கிளினிக்ல ஏதும் சொன்னாங்களா?”

கடையிலும் மாறினார். “இது வேணாம்கா, முகத்தை மங்கலா காட்டுது. அந்தப் பச்சையைப் போட்டுப் பாருங்க” என்றார். சிலர் முகம் சுளித்துப் போனார்கள். சிலர் தங்கள் அக்கா தங்கைகளையும் கூட்டி வந்தார்கள்.

இராசாத்தியை அவர் மறுபடி பார்த்தது இரண்டு வருடம் கழித்து, கோலா கெத்தில் பாசாரில், மீன்கடைப் பக்கம். கையுறைத் தொழிற்சாலையின் சட்டை போட்டிருந்தாள். நலம் விசாரித்த கையோடு புவனேசன் அந்தத் தோளைப் பற்றிப் பேசினார். நாலு மடிப்பு, தெரியாமல் மறைந்த தையல், அந்தப் பெண் நின்ற விதம், அவள் அம்மா அழுதது. ஒன்றையும் விடவில்லை. தயாளனிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னார்.

இராசாத்தி மீன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“அந்தப் பொண்ணோட அம்மா அழுதாங்களா? எனக்குத் தெரியாதேண்ணே. நான் திரைக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா.”

“சொல்லியிருந்தா…” என்று தொடங்கினாள். “நீங்க முதலாளிகிட்ட பேசியிருக்கவே வேணாம்லா. நானே போய் ஜித்ரா வேலையைக் கேட்டிருப்பேன். கேக்கற அளவுக்கு நம்ம வேலை இல்லன்னுதான் நினைச்சிக்கிட்டேன்.”

“இப்ப தைக்கறது இல்லையா?”

“மிஷின அக்கா மகளுக்குக் குடுத்துட்டேன். எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா, அப்புறம் எங்கண்ணே உக்கார்றது?”

மீனை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று கிளம்பினாள். போகும்போது தன் போன் எண்ணைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் புவனேசன் தயாளனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். தயாளன் கடைசிவரை கேட்டான். “இப்ப அங்க ஆள் இருக்காங்களேண்ணே. நல்லாத்தான் செய்யறாங்க. நான் எப்படி…” என்றான். அதிலும் தப்பு ஒன்றும் இல்லை.

தினம் ஒருவரிடம் சொல்வதை அவர் இன்னும் விடவில்லை. ஒன்றும் அகப்படாத நாளில் சும்மா இருந்துவிடுகிறார். இராசாத்தியின் எண் போனில் இருக்கிறது. இரண்டு மூன்று முறை அழுத்தப் போய், அழைத்து என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டார்.