பச்சை இஞ்சினும் என் ஞாயிற்றுக்கிழமையும்

என் வீட்டுக்காரர் எந்தச் சாமானையும் கண்ணால் பார்த்து மதிப்புச் சொல்ல மாட்டார். கையில் தூக்கிப் பார்த்துத்தான் சொல்வார். தாராவியில் பங்கார் கடை, அதாவது பழைய இரும்பு வாங்கி விற்கிற கோடவுன் வைத்திருந்தவருக்கு வேறு என்ன பழக்கம் வரும்? என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும் தூக்கிப் பார்க்க வசதி இல்லை. அந்தக் குறை அவருக்கு ரொம்ப வருஷம் இருந்திருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அதுவும் தீர்ந்தது.

கடையில் அவருக்குக் கூட்டாளி என் அண்ணன். அண்ணனுக்கு ஊதினால் பறக்கிற உடம்பு. எங்கள் அம்மா அவனுக்கு ஊட்டிய சோறெல்லாம் எனக்குத்தான் ஒட்டியது. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, தூண்டிலை எடுத்துக்கொண்டு கோலிவாடாவுக்குப் போய்விடுவார்கள். அங்கே மீனவர்களிடம் கெஞ்சி ஒரு படகை வாங்கி, மாகிம் கழியில் மீன் பிடிப்பார்கள். பிழைப்புக்கு இல்லை, பொழுதுக்கு. பொழுது போனது அவர்களுக்கு. கெளுத்தி மீனைக் கழுவி முள்ளில் கை கிழித்துக்கொண்டது நான்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்ணீர்க் குழாய், ஒரு வாரத் துணி, பிள்ளைகள் தலைக்கு எண்ணெய், அரைப்பு, அடுப்பு. ஒரே ஒரு ஆசைதான் எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே என்றாலும் சரி. படகில் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் படகில் குழாய் கிடையாது.

"நானும் வாரேங்க" என்றேன் ஒரு நாள்.

"பொம்பளைக்கு அங்கன என்னட்டி வேலை?"

"வேலை இல்லாத எடம்னுதானே வாரேங்கேன்."

"எடம் இல்லட்டி" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தப் படகு வந்தது. தாருக்கானாவில் கப்பல் உடைப்பார்கள். அங்கே ஏலத்தில் எடுத்த ஒரு லாட்டில், தகரத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன மரப்படகும், படகின் பின்னால் மாட்டுகிற இரண்டு இஞ்சின்களும் இருந்தன. ஒரு இஞ்சினை வைத்துக்கொண்டு, இன்னொன்றை விற்று, அந்தப் பணத்தில் படகின் ஓட்டைப் பலகைகளை மாற்றுவதென்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் குடுமிப்பிடி.

ஒன்று பச்சை, குண்டு. இன்னொன்று வெள்ளை, ஒல்லி. இரண்டும் வேறு வேறு வெள்ளைக்காரக் கம்பெனி. கம்பெனிப் பெயர் மூடியில் பெரிதாகப் போட்டிருந்தது. நான் இரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்கு வெல்லத்தில் எறும்பு மொய்த்த மாதிரிதான் தெரியும். அதனால் பச்சை, வெள்ளை என்றே வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்குள் எங்கள் சந்தே பச்சைக் கட்சி, வெள்ளைக் கட்சி என்று பிரிந்துவிட்டது. படகைப் பார்க்காதவன்தான் அதிகமாகக் கத்தினான்.

வீட்டுக்காரர் பச்சைக் கட்சி. காரணம் கேட்கவே வேண்டாம். கோடவுன் கூரையில் தொங்குகிற பெரிய தராசில் இரண்டையும் ஒரு தட்டுக்கு ஒன்றாக ஏற்றினார். பச்சை தரையைத் தொட்டது. வெள்ளை மேலே ஊஞ்சலாடியது.

"பாத்தீரா மச்சான்! எதுல கனம் இருக்கு?"

"மாப்ள, இதை என்ன உடைச்சு விக்கவா போறோம்? ஓட்டப் போறோம்வே" என்றான் அண்ணன். கோடவுனிலிருந்து கழிக்கரை வரைக்கும் அதைத் தோளில் சுமக்கப் போகிறவன் அவன்தான். அவன் வெள்ளைக் கட்சியில் சேர்ந்ததற்கு அதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

"பெருசப் போட்டா ரெண்டு ஆளுதான் போகலாம். சின்னதப் போட்டா மூணு ஆளு போகலாம்லா?" என்றும் அண்ணன் சொன்னான்.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த எனக்குக் காது நிமிர்ந்தது. மூன்றாவது ஆள்! அந்த நிமிஷமே நான் வெள்ளைக் கட்சி. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் இல்லாமல் அந்த இஞ்சினை ஓட்டக் கூடாதாம். அதனால் ஓட்டிப் பார்க்க என் தண்ணீர் டிரம்மைக் கேட்டார்கள். "தாராளமா எடுத்துக்கிடுங்க. நீங்களே புடிச்சு நெரப்பணும்" என்றேன். இரண்டு முதலாளிகளும் ஆளுக்கொரு வாளியோடு குழாய் வரிசையில் நின்றார்கள். தினமும் என்னோடு வரிசையில் நிற்கிற பெண்கள் அவர்களை விட்ட பாடில்லை. "என்ன அண்ணாச்சி, வீட்டுல விசேசமா?" என்று ஒருத்தி. "புள்ளத்துணி துவைக்கவா?" என்று இன்னொருத்தி. அதுவரைக்கும் எனக்குப் பாதி ஞாயிற்றுக்கிழமை லாபம்.

டிரம்மின் விளிம்பில் முதலில் வெள்ளையை மாட்டினார்கள். அண்ணன் கயிற்றை ஒரு இழு இழுத்தான். கல்யாண வீட்டில் புதுப்பெண் சிரிக்கிற மாதிரி மெல்லிசாக ஓடியது. அடுத்துப் பச்சை. வீட்டுக்காரர் இழுத்தார், இருமியது. இழுத்தார், காறியது. காலையில் எழுந்ததும் என் மாமனார் தொண்டையைச் சரிசெய்வாரே, அதே ராகம். பல்லைக் கடித்து இழுத்த கடைசி இழுப்பில் ஒரு உறுமல் உறுமி, டிரம்மில் இருந்த தண்ணீர் முழுவதையும் அண்ணன் தலையில் கொட்டிவிட்டு ஓடியது. பச்சைக் கட்சி கை தட்டியது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார், "நீ என்னட்டி நெனைக்கே?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் எதைச் சொன்னாலும் அவர் அதற்கு நேர்மாறாகச் செய்வார். நீலச் சேலை என்றால் சிவப்பு வரும். மாட்டுங்காவில் பலாப்பழம் வாங்கி வாருங்கள் என்றால் வாழைப்பழம் வரும். அதனால் பலாப்பழம் வேண்டுமென்றால், "அந்தப் பலாப்பழ வாசனையே எனக்கு ஆகாது" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு தடவையும் தப்பியதில்லை. ஆகவே தெளிவாகச் சொன்னேன்.

"பச்சைதாங்க. வெள்ளை என்ன, தையல் மிசின் கணக்கா கொணகொணங்குது. ஒங்களுக்குப் பச்சைதான் ஏத்தது."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் ஒன் வாயில வெவரமான பேச்சு வந்திருக்கு" என்றார். மறுநாளே வெள்ளையை பாந்த்ராக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என் பேச்சைக் கேட்காத மனுஷன், கேட்கக் கூடாத அந்த ஒரு நாளில் கேட்டுத் தொலைத்தார். அந்த வாரம் குழம்பில் உப்பு அதிகம் என்று அவரும் அண்ணனும் சொன்னார்கள். அப்படியா என்றேன்.

பலகை மாற்றி, தார் பூசி, படகை இறக்குகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழியனுப்பச் சாப்பாட்டுத் தூக்கோடு நானும் கரைக்குப் போனேன். கழியில் நீர் ஏறி நின்றது. பச்சையைப் பின்னால் மாட்டினார்கள். அதை ஓட்ட வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் அண்ணன் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததைப் படகு கண்டுகொள்ளவே இல்லை. மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீர் வீட்டுக்காரர் வேட்டிக்குள் நுழைந்தது. அண்ணன் ஏதோ மொட்டைமாடியில் நிற்கிறவன் மாதிரி மேலேயிருந்து என்னைப் பார்த்தான்.

"ஆயுசு பூரா தராசு புடிச்ச மனுசன், ஒரு தட்டுல மட்டும் எடையை வச்சா என்ன ஆகும்னு தெரியாதாங்க?" என்று கேட்டேன். அவர் குனிந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

கரையில் கிடந்த கல்லைப் பொறுக்கி முன்னால் அடுக்கினார்கள். மூக்கு இறங்கியது. ஆனால் படகு கிளம்பியதும் கல்லெல்லாம் உருண்டு பின்னால் வந்து, அண்ணன் காலைப் பதம் பார்த்தது. எங்கள் சந்தில் மீன் விற்க வருகிற கோலிக்காரி கூடையோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் பாஷை பொருந்தாது, சண்டை மட்டும் நன்றாகப் பொருந்தும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"அரே சேட், பத்தர் காய் கோ? கர்வாலி கோ ஆகே பிட்டாவ் நா!"

கல் எதற்கு, பெண்டாட்டியை முன்னால் உட்கார வை என்கிறாள். கரையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இப்போது சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே, அப்புறம் பக்கவாட்டில். இரும்பு மூட்டையைப் பார்க்கிற அதே பார்வை. ஆனாலும் அவர் குத்துமதிப்பில் நம்பிக்கை உள்ளவர் இல்லையே! அடுக்கிய கல்லையெல்லாம் கைவண்டியில் ஏற்றிக் கோடவுனுக்குக் கொண்டுபோனார். தராசின் ஒரு தட்டில் கல். இன்னொரு தட்டில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நான். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்தேன். என் தட்டு மெதுவாக இறங்கிக் கல்லைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியது.

"பக்கா எடை மாப்ள. ஒரு கல்லுகூடச் சேக்க வேண்டாம்" என்றான் அண்ணன்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அடுத்த ஞாயித்துக்கெழம நீயும் வாட்டி."

"பொம்பளைக்கு அங்கன என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் கெடையாது. ஆடாம அசையாம உக்காந்திருக்கணும். அம்புட்டுதான்."

கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். "சரி, ஒங்களுக்காக வாரேன்" என்றேன்.

பிள்ளைகளை மதினியிடம் விட்டுவிட்டுப் போனேன். படகு கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் நேராகத் தாழ்ந்தது. பச்சை இருமி, காறி, கிளம்பியது. பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே ரயில் போனது. எல்லாரும் எங்கேயோ வேலையாகப் போகிறார்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன்! வெளியே போகப் போகக் கழியின் நாற்றம் குறைந்து உப்புக் காற்று வந்தது. அண்ணன் ஒரு மடவை மீன் பிடித்தான். வழக்கம்போல என் பக்கம் நீட்டினான். கத்தியை எடுக்க நான் லேசாக எழுந்தேன், படகு ஆடியது.

"எந்திரிக்காதட்டி!" என்று அலறினார் வீட்டுக்காரர்.

உட்கார்ந்துவிட்டேன். மீனை அண்ணனே கழுவினான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு டீ குடிக்கணும் போல இருக்கே, எந்திரிக்கலாமா?" என்று கேட்டேன். பதறிப்போய் அவரே ஃப்ளாஸ்கைத் திறந்து ஊற்றி, அண்ணன் கை வழியாக எனக்கு அனுப்பினார். அவர் கையால் நான் குடித்த முதல் டீ. சர்க்கரை போதவில்லை. அதையும் சொன்னேன்.

மழைக்காலம் முடிகிற வரைக்கும் படகைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தோம். திரும்ப இறக்குகிற சமயத்தில் அண்ணன் ஓடி வந்தான். அதே வெள்ளைக் கம்பெனி இஞ்சின் ஒன்று இன்னொரு லாட்டில் வந்திருக்கிறதாம்.

"மாத்திப்புடலாம் மாப்ள. அதைப் போட்டா முன்னால கனமே வேண்டாம். இவ வந்துதான் ஆகணும்னு இல்ல."

 வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னட்டி சொல்லுதே?"

பழைய வழக்கப்படி மாறாகச் செய்வாரா, போன தடவை மாதிரிக் கேட்டுத் தொலைப்பாரா? மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு துணிந்தேன்.

"வெள்ளையே வாங்குங்க. எனக்கும் ஞாயித்துக்கெழம வீட்டுல மலையா வேலை கெடக்கு."

அவர் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"இஞ்சினப் பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்றார் கடைசியில். "பச்சையே இருக்கட்டும் மச்சான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது, ஃப்ளாஸ்கில் டீ ஊற்றியாகியிருந்தது. பக்கத்தில் மூன்று டம்ளர். சர்க்கரை டப்பாவைத் தனியாக ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தார்.