அம்மாவின் ரவிக்கைத் துணிக் கடை

திண்டுக்கல்லில் அம்மா கடை வைத்திருக்கும் பழைய மாலுக்கு ஆவணப்படம் எடுக்க வந்தவர்கள், நின்றுபோன எஸ்கலேட்டரைத் தட்டித் துடைத்தபோது, ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை எழுந்தது. எனக்கு மறுபடி பத்து வயதானது. பள்ளி விட்டதும் நான் போய் உட்காரும் துணிக் கட்டுகளின் இடுக்கு, துணி கிழிபடும் சர்ரென்ற ஓசை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எஸ்கலேட்டரில் ஏறும் சாணார்பட்டிப் பெண்கள், அவர்களில் யார் வாங்குவார், யார் விலை மட்டும் கேட்டுப் போவார் என்று தூரத்திலேயே சந்தேகத்தோடு அளந்துவிடும் அம்மா என எல்லாம் வந்து நின்றன.

இப்போது மாடியில் மிச்சமிருப்பது அவள் கடை ஒன்றுதான். காலி செய்யச் சொல்லி மால்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

இயக்குநர் மைக்கை நீட்டினார். "இனிமே இங்க வியாபாரம் நடக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

அம்மா என் காதோரம் குனிந்தாள். "இவுக மால்காரர் அனுப்புன ஆளுகடீ."

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகந்தாம்மா" என்றேன்.

அவள் கேமராவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "காலைல மூணு ரவிக்கைத் துணி வித்துருக்கேன். நாளைக்கும் கடை உண்டு."

இயக்குநர் உடனே கேமராவை அணைக்கச் சொன்னார். அப்போதுதான் எனக்கும் சந்தேகம் வந்தது.